டிக் பாஸ் (1929–2015): எண்ணெய், பனி, ஏழு உச்சிகள்

பொதிகைவாசி

ஏழு கண்டங்களின் ஏழு உச்சிகள் என்று இன்று ஆளாளுக்குக் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கை முதலில் முடித்தவர் மலையேறிப் பிழைத்தவர் இல்லை. டெக்சஸ் எண்ணெய்க் குடும்பத்துப் பிள்ளை, பனிச்சறுக்கு மையம் ஒன்றின் முதலாளி. பெயர் டிக் பாஸ். 1985 ஏப்ரல் 30 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது அவருக்கு 55 வயது. அதற்கு முன் அந்த வயதில் யாரும் அங்கே நின்றதில்லை.

1929 டிசம்பர் 21-ல் ஓக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரில் பிறந்தார். சின்ன வயதிலேயே குடும்பம் டாலஸுக்குப் போய்விட்டது. யேல் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்தார், கடற்படையில் வேலை பார்த்தார், பிறகு குடும்பத்தின் எண்ணெய், பண்ணைத் தொழிலுக்கே திரும்பினார். பனிச்சறுக்கில் தீராத ஆசை. கொலராடோவில் வெய்ல் என்ற ஊர் உருவானபோதே அதில் பணம் போட்டவர். 1971-ல் யூட்டாவில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு மையத்தைத் தொடங்கினார். அதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் பெரிய மலைகள் வந்தன. 1981-ல் அலாஸ்காவின் தெனாலி. அதே காலத்தில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் தலைமையில் இருந்த ஃபிராங்க் வெல்ஸுக்கும் இதே ஏழு உச்சிக் கனவு இருப்பது தெரிந்து இருவரும் சேர்ந்தார்கள். வெல்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்தார். 1983 ஜனவரி முதல் டிசம்பருக்குள் அகோன்காகுவா (தென் அமெரிக்கா), தெனாலி (வட அமெரிக்கா), கிளிமஞ்சாரோ (ஆப்பிரிக்கா), எல்ப்ரஸ் (ஐரோப்பா), வின்சன் (அன்டார்டிகா), கோசியஸ்கோ (ஆஸ்திரேலியா) என்று ஒரே ஆண்டில் ஆறு உச்சிகள். எவரெஸ்ட் மட்டும் வசப்படவில்லை. 1982-ல் திபெத் பக்கம், 1983-ல் நேபாளப் பக்கம், இரண்டு முறையும் உச்சி எட்டாமல் திரும்பினார்.

2015 ஜூலை 26-ல் டாலஸில், 85 வயதில், நுரையீரல் நோயால் காலமானார். இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் சாதனை எண்ணிக்கையைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள், இல்லாவிட்டால் பணக்காரர் எவரெஸ்டை விலைக்கு வாங்கிவிட்டார் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் போதவில்லை. ஐம்பது வயதில் ஒன்றைத் தொடங்கி, கைகூடாதபோது மறுபடி மறுபடி அங்கேயே போய் நின்ற மனிதர் அவர். தொழிலிலும் அப்படியே இருந்திருக்கிறார். அதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

கரிசல்காரன்

பொதிகைவாசி, மனிதர் உழைப்பாளி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் போட்ட பாதையில் பின்னால் வந்ததையும் பார்க்க வேண்டும் அல்லவா?

1985-ல் இவர் ஏறியதும், பழக்கமில்லாத ஒரு ஐம்பத்தைந்து வயது முதலாளியால் முடியும் என்றால் நம்மாலும் முடியும் என்று ஆயிரம் பேருக்குத் தோன்றியது. 1992-ல் நியூசிலாந்தின் ராப் ஹாலும் கேரி பாலும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை எவரெஸ்ட் உச்சிக்குக் கூட்டிப்போனார்கள். 1996 மே மாதம் ஒரே புயலில் எட்டுப் பேர் இறந்தார்கள், ராப் ஹாலும் அதில் ஒருவர். 2023 வசந்தகாலத்தில் நேபாளம் கொடுத்த அனுமதிச் சீட்டுகள் 478. இப்போது அனுமதிக் கட்டணமே தலைக்கு 15,000 டாலர். உச்சிக்குக் கீழே வரிசையில் நின்று ஆக்ஸிஜன் தீர்ந்து சாகிறார்கள்.

இதற்கெல்லாம் பாஸ் ஒருவரைக் குற்றவாளி ஆக்க மாட்டேன். ஆனால் கதவைத் திறந்த கை அவருடையது. நினைவுகூரும்போது அதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

பொதிகைவாசி

கரிசல்காரன் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் 1985-ல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

அப்போது காசு கட்டினால் கூட்டிப்போகும் நிறுவனம் எதுவும் எவரெஸ்டில் இல்லை. நேபாள அரசு ஒரு பருவத்துக்கு ஒரு பாதையில் ஒரு குழுவுக்குத்தான் அனுமதி கொடுக்கும். அந்த வசந்தத்தில் தென்கிழக்கு முகட்டுப் பாதை நார்வே குழுவின் கையில் இருந்தது. தலைவர் ஆர்னே நெஸ். அவரும் கப்பல் தொழிலதிபர், அவரும் மலையேறி. (2004-ல் தென்னாப்பிரிக்காவில் மலையேறும்போது விழுந்து இறந்தார். தொழிலையும் மலையையும் ஒன்றாகச் சுமந்தவர்களைத் தேடினால் இப்படிப் பலர் அகப்படுகிறார்கள்.) அந்தக் குழுவோடு சேர்ந்துகொள்ள பாஸுக்கு இடம் கிடைத்தது. கூடப் போனவர்கள் டேவிட் ப்ரீஷியர்ஸும் ஆங் புர்பா ஷெர்பாவும். ப்ரீஷியர்ஸ் 1983-லேயே உச்சி தொட்டவர். இந்த ஏற்றத்தால் எவரெஸ்டை இரண்டு முறை எட்டிய முதல் அமெரிக்கர் ஆனார்.

அதே குழுவில் கிறிஸ் பானிங்டனும் இருந்தார். பிரிட்டனின் பெரிய மலையேறி, எவரெஸ்டின் தென்மேற்குச் சுவரில் 1975-ல் வெற்றி கண்ட குழுவின் தலைவர், ஆனால் அதுவரை தானே உச்சி தொடாதவர். 1985 ஏப்ரல் 21-ல், 50 வயதில் தொட்டார். எவரெஸ்ட் ஏறியவர்களிலேயே மூத்தவர் என்ற பெயர் அவருக்கு வந்தது. ஒன்பது நாளில் பாஸ் அதை எடுத்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் மலையில் கழித்த ஒருவரின் சாதனை, மலைக்கு வந்து நான்கைந்து ஆண்டே ஆன ஒருவரிடம் போனது. மலையேறிகள் சிலருக்கு அது கசந்ததில் வியப்பில்லை.

ஆனால் உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள தென்சிகரத்துக்கு மேல் உங்கள் கால் நடக்கவில்லை என்றால் உங்கள் பணம் நடக்காது. வழிகாட்டியை அமர்த்தலாம், ஆக்ஸிஜன் வாங்கலாம். 8,500 மீட்டருக்கு மேலே அடுத்த அடியை எடுத்து வைப்பது அவரவர் நுரையீரல்தான். 55 வயது உடம்பு அங்கே எப்படி நடந்துகொள்ளும் என்று அன்று மருத்துவர்களுக்கே தெரியாது. தெரியாததற்குள் போனார் என்பதால்தான் அவருடைய ஏற்றத்தையும் இன்றைய வரிசையையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

சிட்னித்தமிழன்

ஏழு உச்சிகளை முதலில் முடித்தவர் என்கிறீர்கள். இங்கே ஆஸ்திரேலியாவில் இருக்கிறவன் என்ற முறையில் கோசியஸ்கோ பற்றிச் சொல்ல வேண்டும்.

உயரம் 2,228 மீட்டர். தொட்டபெட்டாவைவிடக் குறைவு. திரெட்போ ஊரிலிருந்து நாற்காலி விஞ்சில் ஏறி இறங்கினால் அங்கிருந்து உச்சி ஆறரை கிலோமீட்டர். புல்வெளி கெடாமல் இருக்க இரும்புச் சல்லடைப் பாலம் போட்டிருக்கிறார்கள், அதன்மேல் நடந்தே போய்விடலாம். நாங்கள் போனபோது என் சின்ன மகளும் கடைசிவரை நடந்தாள். அழகான இடம்தான், கோடையில் பூக்கள் நிறைந்திருக்கும். ஆனால் எவரெஸ்ட், தெனாலி வரிசையில் வைக்கிற மலை இல்லை.

கண்டம் என்பதை ஆஸ்திரேலியப் பெருநிலம் என்று எடுத்தால் கோசியஸ்கோ. நியூகினித் தீவையும் சேர்த்தால் கார்ஸ்டென்ஸ் பிரமிட், 4,884 மீட்டர், நல்ல செங்குத்துப் பாறை. இத்தாலிய மலையேறி ரைன்ஹோல்ட் மெஸ்னரின் பட்டியல் அதைத்தான் சேர்த்தது. அந்தப் பட்டியலை முதலில் முடித்தவர் கனடாவின் புகைப்படக்காரர் பாட் மாரோ, 1986 மே மாதத்தில். அதே ஆண்டு டிசம்பரில் மெஸ்னர், துணை ஆக்ஸிஜன் இல்லாமல். மலையேறிகளிடம் கேட்டால் பெரும்பாலும் மாரோவைத்தான் முதல்வர் என்பார்கள்.

பழையபுத்தகம்

சிட்னித்தமிழன் சொல்லும் இரட்டைக் கணக்கு உண்மைதான். பாட் மாரோவே 1982-ல் எவரெஸ்ட் ஏறியவர், எந்தக் கோணத்தில் பார்த்தாலும் பாஸைவிடத் தேர்ந்த மலையேறி. ஆனால் ஏழையும் தொட வேண்டும் என்ற எண்ணத்தைச் செயலாக்கிக் காட்டியது பாஸும் வெல்ஸும். பட்டியலில் ஒரு மலை மாறுவதால் அந்த எண்ணம் யாருடையது என்பது மாறாது.

நான் சொல்ல வந்தது வின்சன் பற்றி. அன்டார்டிகாவின் உச்சி, 4,892 மீட்டர். முதல் ஏற்றம் 1966-ல், அமெரிக்கக் குழு. அதன் பிறகும் அங்கே தனியார் போவதற்கு வழி எதுவும் இல்லை. விமானம் இல்லை, எரிபொருள் இல்லை, ஏதாவது நடந்தால் வந்து தூக்க ஆள் இல்லை. ஏழு உச்சிக் கனவு கண்ட எல்லோரும் அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

1983 நவம்பரில் பாஸும் வெல்ஸும் போனது மூன்று எஞ்சின் பொருத்திய பழைய டிசி-3 விமானத்தில். பனிச்சறுக்குக் கட்டைகள் கட்டிய விமானம். ஓட்டியவர் ஜைல்ஸ் கெர்ஷா, துருவ விமானிகளில் முதல் வரிசை. கூட வந்தவர்கள் பானிங்டன், ரிக் ரிட்ஜ்வே, ஜப்பானின் யுய்ச்சிரோ மியூரா. முதல் முயற்சியில் காற்றும் குளிரும் மற்றவர்களைத் திருப்பிவிட, பானிங்டன் மட்டும் தனியாக உச்சிக்குப் போனார். சில நாள் கழித்து மற்றவர்களும் ஏறினார்கள். பணம் இல்லாமல் இந்தப் பயணம் நடந்திருக்காது. கரிசல்காரன் சொல்லும் அந்தப் பணம் இங்கே வேறு ஒரு வேலை செய்தது. அதற்குப் பிறகு கெர்ஷா, பாட் மாரோ, மார்ட்டின் வில்லியம்ஸ் மூவரும் சேர்ந்து அன்டார்டிகாவின் உள்பகுதிக்கு ஆட்களைக் கொண்டுபோகும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இன்று வின்சன் ஏறுகிறவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

மியூராவையும் கவனியுங்கள். 1970-ல் எவரெஸ்டின் தெற்குக் கணவாய்ப் பக்கமிருந்து முதுகில் பாராசூட் கட்டிக்கொண்டு பனிச்சறுக்கில் இறங்கியவர். 1983-ல் பாஸோடு வின்சனில். 2003-ல் 70 வயதில் எவரெஸ்ட் உச்சி, 2008-ல் 75 வயதில், 2013-ல் 80 வயதில். பாஸ் உடைத்த வயதுச் சுவரை அவருடைய கூட்டாளியே இருபத்தைந்து ஆண்டு தள்ளிவைத்தார்.

குறிஞ்சி

இவ்வளவு ஆண்கள் பெயர் வந்துவிட்டது. இந்தக் கதையைத் தொடங்கி வைத்த பெண்ணின் பெயரை யாரும் சொல்லவில்லையே, அண்ணன்மார்களே.

மார்ட்டி ஹோயி. ரெய்னியர் மலையில் வழிகாட்டி, ஸ்னோபேர்டில் பனிச்சறுக்குச் சரிவுகளில் காவல் பணி. ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த தொழிலில் அவர் இருந்தார், எல்லோரும் மதிக்கும்படி இருந்தார். முதலாளி பாஸ் பேச்சுக்காரர், விடாமல் பேசுவார், கவிதைகளை மனப்பாடமாக ஒப்பிப்பார். தெனாலிக்குப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, உங்கள் வாய்ப்பேச்சு அந்த மலையில் எடுபடாது என்கிற மாதிரி மார்ட்டி முகத்துக்கு நேரே சொன்னாராம். சம்பளம் கொடுக்கிறவரிடம் அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்தச் சொல் தைத்துத்தான் பாஸ் தெனாலி ஏறினார். பாஸைப் பற்றி எனக்கு மதிப்பு வந்தது அங்கேதான். சொன்னவரை அவர் ஒதுக்கவில்லை, அடுத்த மலைகளுக்குத் துணையாக அழைத்தார்.

1982-ல் லூ விட்டேக்கர் தலைமையில் எவரெஸ்டின் வடக்குப் பக்கம் போன குழுவில் பாஸும் வெல்ஸும் இருந்தார்கள், மார்ட்டியும் இருந்தார். உச்சி எட்டியிருந்தால் எவரெஸ்ட் ஏறிய முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். மே 15 அன்று பெரிய பனிக்கால்வாயில், எட்டாயிரம் மீட்டர் அளவில், ஜிம் விக்வையரோடு நின்றிருந்தபோது அவருடைய இடுப்புப் பட்டை கழன்றது. பட்டை கயிற்றிலேயே தொங்கியது, மார்ட்டி கீழே போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. பட்டையின் முனையைக் கொக்கியில் திருப்பி ஒருமுறை மாட்டாமல் விட்டால் பாரம் விழும்போது உருவிக்கொள்ளும். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

அமெரிக்கப் பெண் ஒருவர் அந்த உச்சியைத் தொட 1988 ஆயிற்று, ஸ்டேசி ஆலிசன்.

மலையேறப் போகும் பெண்களும் ஆண்களும் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: பட்டை மாட்டியதும் நீங்களும் பாருங்கள், பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பொதிகைவாசி

நன்றி அக்கா. இந்த இழைக்கு இது அவசியம். 1983-ல் பாஸ் மறுபடி எவரெஸ்டுக்குப் போனார் என்பதை மார்ட்டியின் சாவுக்குப் பிறகு என்று சேர்த்துப் படிக்க வேண்டும்.

யூட்டாவாசி

ஸ்னோபேர்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறேன். குளிர்காலத்தில் சனி, ஞாயிறு இங்கே எல்லோருக்கும் அந்தப் பள்ளத்தாக்குதான் போக்கிடம். லிட்டில் காட்டன்வுட் என்று பெயர். ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கம் இருந்த இடம். சுரங்கம் செத்தபிறகு பழைய உரிமைப் பத்திரங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவர் டெட் ஜான்சன். பக்கத்து ஊரான ஆல்டாவில் விடுதி நடத்தியவர். அவரிடம் நிலமும் கனவும் இருந்தன, பணம் இல்லை. பாஸிடம் பணம் இருந்தது. 1971 டிசம்பரில் திறந்தார்கள். சில ஆண்டுகளில் ஜான்சன் விலகிவிட, முழுப் பாரமும் பாஸ் தோளுக்கு வந்தது.

மேலே போகும் ரோப்காரைப் பார்த்தால் திறந்தவர்களின் துணிச்சல் தெரியும். திறந்தபோதே ஒரு பெட்டியில் 125 பேர் வரை நின்றுகொண்டு போகலாம். பழநி ரோப்காரை நினைத்துக்கொண்டு வந்தால் மலைத்துப்போவீர்கள். ஹிட்டன் பீக் என்ற 11,000 அடி முனையில் இறக்கிவிடும். முதல் நாளிலிருந்தே இவ்வளவு பெரிதாகச் செய்தார்கள்.

தொழிலாகப் பார்த்தால் கஷ்டமான இடம். உள்ளே வர ஒரே சாலை. இரண்டு பக்கமும் பனிச்சரிவுப் பாதைகள், பெரும் பனி விழுந்தால் சாலையை மூடிவிட்டுப் பனியை உதிர்ப்பார்கள், வெகுகாலம் அதற்குப் பீரங்கியால் சுட்டார்கள். அதுவரை உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே. விழும் பனி சராசரியாக ஆண்டுக்கு 500 அங்குலம். பனிச்சறுக்குக்காரருக்கு அது வரம், கட்டடம் கட்டுகிறவருக்குத் தலைவலி. விடுதிகளை வெறும் கான்கிரீட்டில் கட்டியது அதனால்தான். பார்க்க முரடாக இருக்கும், எனக்கு அது பிடிக்கும்.

பல ஆண்டுகள் இந்த இடம் பணத்தை விழுங்கியதே தவிரத் திருப்பிக் கொடுக்கவில்லை. எண்ணெய்ப் பணம் வந்து பனியில் போனது. வேறு முதலாளியாக இருந்தால் மனை போட்டு விற்றுவிட்டுப் போயிருப்பார். பாஸ் விற்கவில்லை. 2014-ல்தான், 84 வயதில், பெரும்பங்கைக் கம்மிங் குடும்பத்துக்குக் கொடுத்தார். நாற்பது ஆண்டுக்கு மேல் ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். ஏழு உச்சியைவிட இதுதான் அவர் செய்த கடினமான வேலை என்பது என் எண்ணம்.

இன்னொரு பக்கமும் உண்டு. சால்ட் லேக் சிட்டி குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. நாயைக்கூட உள்ளே விடமாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இவ்வளவு பெரிய கட்டுமானம் வேண்டுமா, இன்னும் விரிக்க வேண்டுமா என்ற சண்டை தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. மலையை நேசித்தவர் என்பதாலேயே அவர் கட்டியது எல்லாம் சரியாகிவிடாது. மேலே முனையில் நின்று அந்தப் பக்கச் சரிவுகளிலும் விஞ்ச் கம்பங்களைப் பார்க்கும்போது எனக்கே மனம் இரண்டுபடும்.

நெல்லூர்ப்பக்கம்

ஏழு உச்சிகள் என்றால் எனக்கு மல்லி மஸ்தான் பாபுதான் நினைவுக்கு வருவார். எங்கள் நெல்லூர் மாவட்டத்துச் சின்ன கிராமத்துப் பிள்ளை. கோருகொண்டா சைனிக் பள்ளியில் படித்தார். அந்தப் பள்ளியின் மூத்த மாணவர், ராணுவ அதிகாரி உதய் பாஸ்கர் ராவ், 1985-ல் எவரெஸ்ட் ஏற்றத்தில் உயிர்விட்டவர். பாஸ் உச்சி தொட்ட அதே ஆண்டு. பள்ளியில் இருந்த அவருடைய சிலையைப் பார்த்துத்தான் மஸ்தானுக்கு மலை ஆசை பிடித்தது.

ஐஐடி கரக்பூர், ஐஐஎம் கல்கத்தா எல்லாம் படித்தவர். 2006 ஜனவரி 19-ல் வின்சனில் தொடங்கி ஜூலை 10-ல் தெனாலியில் முடித்தார். 172 நாளில் ஏழு. அப்போது அதுதான் உலகத்திலேயே குறைந்த காலம். எண்ணெய்க் கிணறு எதுவும் இல்லாத குடும்பம், ஒவ்வொரு பயணத்துக்கும் பணம் திரட்டவே பாதி உயிர் போயிருக்கும். 2015 மார்ச்சில் ஆண்டீஸ் மலையில் தனியாகப் போனபோது இறந்தார். வயது 40. நான்கு மாதத்தில் பாஸ் போனார், 85 வயதில்.

இரண்டு பேரையும் ஒரே ஆண்டில் இழந்தோம். பாஸ் போட்ட பாதை பணக்காரர்களுக்கு மட்டும் போனது என்று யாராவது சொன்னால் நான் மஸ்தான் பெயரைச் சொல்வேன்.

கரிசல்காரன்

நெல்லூர்ப்பக்கம், உங்கள் பதிவு என் வாதத்தை நெகிழ்த்திவிட்டது, மறுக்கவில்லை. மஸ்தான் போன்றவர்களுக்கு அந்தப் பட்டியல் ஒரு இலக்கைக் கொடுத்திருக்கிறது.

ஆனாலும் ஒன்றை விடமாட்டேன். பாஸின் எவரெஸ்ட் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ப்ரீஷியர்ஸ் பெயரும் வருகிறது, அவர் பிறகு பெரிய ஒளிப்பதிவாளர் ஆனார், 2024-ல் மறைந்தபோதும் நிறைய எழுதினார்கள். மூன்றாவதாக அங்கே நின்ற ஆங் புர்பாவைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்? பாதையில் கயிறு கட்டியது யார், தெற்குக் கணவாய்க்கு ஆக்ஸிஜன் சிலிண்டர்களைச் சுமந்தது யார்? 2014 ஏப்ரல் 18-ல் எவரெஸ்டின் கும்பு பனியருவியில் ஒரே காலையில் இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். அடுத்தவர்களுடைய கூடாரத்தையும் கயிற்றையும் சுமந்து போனவர்கள். முதலாளியின் விடாமுயற்சியைப் பாராட்டும்போது கூடவே கூலி வாங்கிய முதுகுகளையும் எழுதச் சொல்கிறேன். அவ்வளவுதான்.

பொதிகைவாசி

எழுதத்தான் வேண்டும். உச்சியில் மூன்று பேர் நின்றார்கள், மூவர் பெயரையும் சேர்த்தே நானும் சொல்லி வருகிறேன். இனி எழுதுகிறவர்களும் அப்படியே எழுதட்டும்.

பாஸின் குணம் பற்றிக் குறிஞ்சி அக்கா தொட்டதால் ஒன்று சேர்க்கிறேன். பலரும் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இது. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் வழி நெடுக எவரெஸ்ட், தெனாலி என்று தன் ஏற்றங்களையே பேசிக்கொண்டு வந்தாராம். இறங்கும் நேரத்தில்தான் உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். அவர் பொறுமையாக, நீல் ஆம்ஸ்ட்ராங் என்றாராம்.

ஃபிராங்க் வெல்ஸையும் விட்டுவிடக் கூடாது. 1984-ல் டிஸ்னி நிறுவனத்தின் தலைவரானார். குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கால் 1985 எவரெஸ்டுக்கு வரவில்லை. ஏழில் ஆறோடு நின்றுகொண்டார். நிற்கத் தெரிந்ததும் ஒரு பலம் என்று எனக்குப் படுகிறது. 1994 ஏப்ரலில் நெவாடாவில் பனிச்சறுக்கு முடித்துத் திரும்பும்போது ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் உள்ள மேட்டர்ஹார்ன் மலைச் சவாரிக்குள் வெல்ஸ் பயணக்குழு என்று எழுதிய பெட்டிகளை வைத்தார்கள்.

குறிஞ்சி

வெல்ஸுக்குத் தனி இழை தொடங்குங்கள் தம்பி. டிஸ்னியில் அவர் செய்ததைப் பற்றி எழுத என்னிடமும் கொஞ்சம் இருக்கிறது.

பொதிகைவாசி

இந்த வாரமே தொடங்குகிறேன் அக்கா. மார்ட்டி ஹோயி இழையை நீங்கள் தொடங்குங்கள். நெல்லூர்ப்பக்கம், மஸ்தான் பாபு பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும்.

நெல்லூர்ப்பக்கம்

ஊருக்குப் போய் அவரோடு படித்தவர்களிடம் பேசிவிட்டு எழுதுகிறேன்.